மேலவீதிக்கு வந்த நண்டு

சிதம்பரம் மேலவீதியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. பேசாமல் எழுந்து போய்விடுவேன். நாலு வருஷம் அந்த வீதியில் குடியிருந்தேன். அதே நாலு வருஷம் பக்கத்துத் தெற்குவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். அந்த வீதிகளின் முகமும் எனக்குத் தெரியும், காலையில் அவை பாட்டிலில் கொண்டுவந்து நீட்டியதும் தெரியும்.

கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள். தேர் கீழவீதியில் புறப்பட்டு, தெற்குவீதியில் திரும்பி, மேலவீதி ஏறி, வடக்குவீதி வழியாக மறுபடி நிலைக்கு வந்து சேரும். ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை. தேருக்காகவே போட்ட வீதிகள் என்பதால் நல்ல அகலம். அங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைப் பார்க்கும் பார்வையே வேறு. “நாங்க வீதிக்காரங்க” என்பார்கள். மற்றவர்களெல்லாம் ஏதோ வயல்காட்டில் படுத்துத் தூங்குகிறமாதிரி.

எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்கு வீதியின் சரித்திரம் சொல்வதில் அலுப்பே கிடையாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சின்ன வயதில் மேலவீதியில் கடை என்பதே இல்லையாம். வரிசையாக வீடுகள்தானாம், எல்லா வாசலிலும் கோலமாம், தேர் வரும்போது மாடியிலிருந்து பூப்போட்டால் சாமி தலையில் விழுமாம். அப்புறம் ஒவ்வொரு வீடும் தன் முன்பக்கத்தை வாடகைக்கு விட்டது. பாத்திரக்கடை வந்தது, ஜெராக்ஸ் கடை வந்தது, லாட்ஜ் வந்தது, மெஸ் வந்தது, கடைசியில் செல்போன் கடை வந்தது. வீட்டுக்காரர்கள் பின்கட்டுக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். இதை அவர் வீதிக்கு யாரோ செய்த அநியாயம்போலச் சொல்வார். அவர் வீட்டு முன்பக்கத்தில் பாத்திரக்கடை வைக்கச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நான் பார்த்த சரித்திரம் வேறு. ஒவ்வொரு கடையும் சாக்கடைக்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டுப் படி கட்டியது. படிக்கு மேல் ஒரு தகரப் பந்தல். பந்தலுக்கு வெளியே ஒரு மேசை. சாக்கடை எங்கே போகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மட்டும் தெரியும். மெஸ்ஸின் எச்சில் இலை, லாட்ஜின் கழிவு, மாட்டுச் சாணம், மதிலோரம் வெளியூர்க்காரன் இருந்துவிட்டுப் போன மூத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே சாம்பிராணிப் புகை. பத்தடிக்கு ஒரு நாற்றம் மாறும். கண்ணைக் கட்டி நடக்கவிட்டால்கூட எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட வீதிதான் என்னை மோந்து பார்த்தது.

நானும் என் கணவரும் கிள்ளைக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரர்கள். இரண்டு வீட்டிலும் கடல்தான் தொழில். சுனாமியில் அப்பாவின் படகும் வீடும் போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி, கையில் குழந்தை இருந்தது. கணவருக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. நான் பரிசோதனைக்கூடப் படிப்பு முடித்திருந்தேன், எனக்கும் வேலை கிடைத்தது. 2006-ல் பையனை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டியிருந்தது. நல்ல பெயருள்ள பள்ளிக்கூடம் மேலவீதிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து என் வேலைக்கும் பத்து நிமிஷ நடை. நான் வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளையைப் படிக்கவைக்க அந்த வீதியில் வீடு கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் நான் வேலையை விடவேண்டும்.

ஆறேழு வீடு பார்த்தோம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஊர், இரண்டாவது கேள்வி சாப்பாடு. கிள்ளை என்றதும் முகம் ஒரு தினுசாக மாறும். ஏழாவது வீட்டில் என் கணவர் சுதாரித்துக்கொண்டார். “விவசாயமா?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “ஆமாங்க, கொஞ்சம் இருக்கு” என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு தொட்டிச் செடி வைக்கிற அளவுக்கு மண் கிடையாது.

“நம்ம வீட்ல அசைவம் மட்டும் கூடாதும்மா. முட்டகூட. இது தேர் ஓடுற வீதி” என்றார் வீட்டுக்காரர். தலையாட்டினேன். நாலு வருஷம் அந்த வீட்டில் மீன் வாசனை வரவில்லை. கடல்கரையில் பிறந்து, மீன் விற்ற காசில் படித்தவள், என் பிள்ளைக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வளர்த்தேன். ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவோம். நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. திருடிவிட்டு வந்தவர்கள்கூட அவ்வளவு கவனமாகக் கை கழுவியிருக்க மாட்டார்கள்.

வீடு ரயில் பெட்டிபோல நீளம். முன்னால் பாத்திரக்கடை, கடையை ஒட்டி ஒரு சந்து, சந்து முடிந்தால் வீட்டுக்காரர்களின் கூடம், அதற்குப் பின்னால் எங்கள் இரண்டு அறை. கூடத்தைக் கடந்துதான் நாங்கள் போகவர வேண்டும். வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், அதையும் சொல்லவேண்டும். கத்திரிக்காய் கொத்சு செய்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். அந்த ஊர்க் கொத்சுக்கு ஈடு கிடையாது. நக்கிச் சாப்பிடுவோம். கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாதே என்று முதல் தடவை நான் கொஞ்சம் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, “சக்கர போட்டுக் குடும்மா, போதும்” என்றார். அவருக்குச் சமைத்த பொருள் எங்கள் கையிலிருந்து ஆகாது. சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் குழாயடியில் என் கண் முன்னாலேயே புளி போட்டுத் தேய்த்தார். நாலு வருஷமும் அதுதான் வழக்கம். கொத்சு வரும், சர்க்கரை போகும், கிண்ணம் புளியில் தேயும்.

இதை ஒருநாள் ஊரில் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “வேற எதுவும் வாங்க மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள். சர்க்கரைக்குத்தான் வாசனை கிடையாது, அதனால்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்றேன். பெரிய ஹாஸ்யம் சொல்லிவிட்டதுபோல நானே மறுபடியும் சிரித்தேன்.

அம்மா கூடையில் மீன் விற்பவள். எங்கள் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் வருவாள். வருவதற்கு முன்னால் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, வெறுங்கையோடு வருவாள். வெறுங்கையோடு வரச் சொன்னது நான்தான். கூடத்தைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் மேலும் பட்டுவிடாமல் ஓரமாக நடப்பாள். என்னைப் பார்க்க வந்தவள்போல இல்லாமல், ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவள்போல இருக்கும்.

இதற்கிடையில் தெற்குவீதியில் எனக்கு வேறொரு படிப்பு நடந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் நாலு வீதிக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். விபூதி பூசிய நெற்றி, கையில் ஊறுகாய் பாட்டில். சிலர் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள், அதையும் செய்தித்தாளில் சுற்றி, பிரசாதம்போல இரண்டு கையாலும் கொடுப்பார்கள். நான் வாங்கித் திறப்பேன். உள்ளே இருக்கிற மலத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்காரர் வயிற்றில் என்ன குடியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். தொழில் தர்மம், சொல்லமாட்டேன். சைவச் சாப்பாடு சாப்பிட்டால் அது மணக்கும் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் என்னிடம் வந்து கேட்கட்டும்.

இனி அந்த மார்கழியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் குடிவந்த நாலாவது மார்கழி. பின்பக்கம் எப்போதும் ஈரம் பூத்த சுவர் என்பதால் பையனுக்கு மழைக்காலத்தில் பிடித்த சளி விடவே இல்லை. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் மறுபடியும் இருமல். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான், நண்டு ரசம். போனில் அம்மா கேட்டபோதெல்லாம், வைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மக்களுக்கும் அந்தத் தேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பர்வதராஜன் வழியில் வந்தவர்கள் என்று எங்களவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவன் மகள்தான் அம்பாள். அப்படியென்றால் அவள் எங்கள் வீட்டுப் பெண், கட்டிக்கொடுத்து அனுப்பியவள். அதனால் தேர் மேலவீதியில் ஏறி வரும்போது நிறுத்தி, தாய்வீட்டுச் சீர் கொடுப்பார்கள். பட்டு, மஞ்சள், குங்குமம், பழம், பூ என்று தட்டுத்தட்டாகப் போகும். அன்றைக்கு அர்ச்சகர் எங்களவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாலை போடுவார். நாங்கள் விவசாயக் குடும்பம் என்று சொல்லி வைத்திருந்ததால் முதல் மூன்று வருஷமும் தேரன்று நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. மாடியில் வீட்டுக்கார அம்மாவோடு நின்று, என் சொந்தக்காரர்கள் கீழே தட்டு ஏந்திப் போவதை யாரோபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது வருஷம் அம்மாவும் ஒரு தட்டு ஏந்தினாள். பேரனுக்குச் சளி விடவேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். என்னிடம் சொல்லவில்லை.

தேருக்கு இரண்டு நாள் முன்னால் வழக்கம்போலத் தகரப் பந்தல்களைப் பிரித்தார்கள், படிகளை இடித்தார்கள், பலகையைத் தூக்கிச் சாக்கடையை வாரினார்கள். வாரிய சேற்றை அள்ளிக்கொண்டு போக வண்டி வரவில்லை. வாசலுக்கு வாசல் கருப்பாகக் குவித்துவிட்டு மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். எங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். அதைச் சுற்றி வளைத்து வீட்டுக்கார அம்மா தேர்க்கோலம் போட்டார். எலி ஒன்று செத்து அந்தக் குவியலில் பாதி வெளியே தெரிந்தது. அது இருக்கிற பக்கம் கோலத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அதற்கு அந்தக் கோலத்தைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

தேரன்று கூடம் நிறைய வீட்டுக்காரரின் உறவினர்கள். பத்து மணி இருக்கும். சந்தில் அம்மா வந்தாள். அரக்குப் புடவை, தலை நிறையப் பூ, ஒரு கையில் மஞ்சள் துணி மூடிய தட்டு, இன்னொரு கையில் ஒயர்கூடை. அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று ஓடினேன். அதற்குள் வீட்டுக்காரர், என்னம்மா தட்டு என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“அம்மனுக்குச் சீர் கொண்டாந்துருக்கோம்யா. எங்க ஊர்லேர்ந்து வருஷா வருஷம் குடுப்பாங்க” என்றாள்.

அவர் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீடு போச்சு, பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டார். அம்பாளின் தாய்வீடு நம் வீட்டிலேயே இத்தனை நாள் இருந்திருக்கிறதே என்று உறவினர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அம்மாவின் காலில் விழவே போனார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அம்மாவை உட்காரச் சொன்னார் வீட்டுக்காரர். நாலு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அம்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஏன் மறைக்கவேண்டும். பொய் சொன்ன பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது நாற்காலிக்கு அடியில் இருந்த ஒயர்கூடை அசைந்தது. மேலே மூடியிருந்த வாழையிலையைத் தள்ளிக்கொண்டு ஒரு நண்டு வெளியே வந்தது. பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் பிடித்த பச்சை நண்டு, உள்ளங்கையைவிடப் பெரியது. கொடுக்கில் கட்டியிருந்த நார் அவிழ்ந்துபோயிருந்தது. கூடத்துத் தரையில் சாவகாசமாகப் பக்கவாட்டில் நடந்து, அங்கே போட்டிருந்த மாக்கோலத்துக்கு நடுவே போய் நின்றது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் பொத்திக்கொண்டார்கள். காலில் விழப் போன கிழவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். இந்த நாளும் அதுவுமாக வீட்டில் இது என்ன என்றார். குரல் ஏறவே இல்லை. அம்மாவைக் கூடையோடு வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அம்மா, “பேரப்புள்ளைக்குச் சளிங்கய்யா, அதான்…” என்று ஆரம்பித்தாள். பிள்ளைக்குச் சளி என்றால் நண்டு கொண்டுவராமல் வேறென்ன கொண்டுவருவாள்? ஒரு மகளுக்கு ஒரு தட்டு, இன்னொரு மகளுக்கு ஒரு கூடை. அவள் கணக்கில் இரண்டும் சீர்தான். இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு என் கண்ணுக்கு அந்த மூக்குகள் மட்டும்தான் தெரிந்தன.

“ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது, இதெல்லாம் இங்க கொண்டாராதன்னு? நாறுது, எடுத்துக்கிட்டு வெளிய போ” என்றேன்.

நாறுது என்று சொன்னேன். உயிர் நண்டு நாறாது. அதில் சேற்று வாசனையும் உப்புத் தண்ணீர் வாசனையும் மட்டும்தான் இருக்கும். நண்டோடு பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? மலத்தையும் மூத்திரத்தையும் மோந்து பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு, வாசலில் செத்த எலியோடு ஒரு குவியல் சாக்கடை இருக்கும்போது, என் அம்மாவைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்தது.

அம்மா குனிந்து, நண்டைப் பின்பக்கமாக லாவகமாகப் பிடித்துத் தூக்கி, கொடுக்கை நாரால் கட்டிக் கூடையில் போட்டாள். தலையிலிருந்து விழுந்திருந்த ஒரு பூவையும் பொறுக்கிக்கொண்டாள். ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கூடையுமாக, சந்தின் ஓரமாகவே நடந்து போனாள். பையன் உள்ளேயிருந்து ஆயா ஆயா என்று கூப்பிட்டான். நான் போய் அவன் வாயைப் பொத்தினேன்.

அவள் சந்தைத் தாண்டுவதற்குள் வீட்டுக்கார அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கூடத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். நாற்காலியைக் குழாயடிக்குக் கொண்டுபோனார்கள். அதையும் புளி போட்டுத் தேய்த்தார்கள்.

சாயங்காலம் தேர் மேலவீதியில் ஏறியது. மாடியில் நிற்க முடியாமல் கீழே இறங்கி ஓடினேன். கூட்டத்தில் என் அண்ணன்மார், சித்தப்பாக்கள், பங்காளிகள் எல்லாரும் தட்டோடு நின்றார்கள். அம்மன் தேர் நின்றது. ஒவ்வொரு தட்டாக மேலே போயிற்று. அம்மாவின் தட்டை வாங்கிய அர்ச்சகர், அம்மன் மேலிருந்து எடுத்த பூவை அவள் கையில் கொடுத்தார். எங்களைக் குடிவைத்த வீட்டுக்காரரும் எதிரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். ஒயர்கூடை காலியாக இருந்தது. நண்டு எங்கே என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதுதான் வாயில் வந்தது.

“அங்க குப்ப கூட்டுற பொண்ணு ஒண்ணு நின்னுச்சு. அதும் புள்ளைக்கும் சளியாம். குடுத்துட்டேன்” என்றாள். பிறகு தேரைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்: “பெரியவ வாங்கிக்கிட்டா பாப்பா. நீதான் வாங்கிக்கல.”

வடம் பிடித்தார்கள், தேர் நகர்ந்தது. அம்மா ஊர்க்காரர்களோடு கிள்ளை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பந்தல்கள் திரும்பி வந்தன, படிகள் திரும்பி வந்தன, குவியலில் பாதியை அப்படியே தள்ளிப் பலகையைப் போட்டு மூடினார்கள். வீட்டுக்காரர் கூப்பிட்டனுப்பினார். காலி செய்யச் சொல்வார் என்று போனேன். அவர் சிரித்த முகமாக இருந்தார். நடந்தது நடந்துபோச்சு, நீங்கள் இருங்கள், சுத்தமாக இருந்தால் போதும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த வருஷம் சீர் குடுக்கறப்ப நானும் பக்கத்துல நின்னுக்கறேம்மா. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. அந்த மால ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா நல்லாருக்கும்.”

எனக்கு உண்மையிலேயே வாந்தி வந்தது. பின்னால் ஓடிப்போய்க் குழாயடியில் எடுத்தேன். அந்த மனிதரைப் பார்த்து வந்த வாந்தி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அடுத்த நாலைந்து மாதமும் அதே வீட்டில்தான் இருந்தேன். பள்ளிக்கூட வருஷம் முடியவேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு, கொத்சு வாங்கினேன், சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். யாரைப் பார்த்து வந்த வாந்தி என்று அப்புறம்தான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் ஊருக்கு வெளியே ஒரு புதுக் குடியிருப்பு நகரில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனோம். பையனைப் பள்ளி வண்டியில் அனுப்பினோம். வீதியிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடுவில் வயல், வாய்க்கால், யாரும் யாரையும் மோந்து பார்க்காத தெரு. போன அன்றைக்கே வஞ்சிரம் வாங்கி, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வறுத்தேன். கணவரும் பிள்ளையும் எலும்பு மட்டும் மிச்சம் வைத்தார்கள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

அம்மாவைப் பலமுறை கூப்பிட்டேன். இது நம் வீடு, யாரும் கேட்க மாட்டார்கள், என்ன வேண்டுமானாலும் கொண்டுவா என்று சொன்னேன். வருகிறேன் வருகிறேன் என்பாள். தேருக்கு மட்டும் வருஷா வருஷம் வந்தாள். பெரிய மகளுக்குச் சீர் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவாள். நான் போய் நிற்பேன், பூவும் குங்குமமும் தருவாள், அவ்வளவுதான்.

2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள், வெளுத்த புடவை கட்டியிருந்தாள். உள்ளே ஓரமாகவே நடந்து வந்தாள். கையில் அதே ஒயர்கூடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பில் மிளகும் சீரகமும் வறுக்கத் தயாராக ஓடினேன். நண்டா, இறாவா என்று சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்து கூடையைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கிலோ சர்க்கரை இருந்தது. கடையில் கட்டிக்கொடுத்த பொட்டலம், மேலே நூல் பிரிக்காமல்.

“இதுல வாசன வராதுல்ல பாப்பா” என்றாள் அம்மா.